கோவையில் வீடு: கோவில்பாளையமா, தொண்டாமுத்தூர் சாலையா, சிங்காநல்லூரா?

கேள்வி: பச்சைமலை

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கணவர் சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். நான் அவிநாசி சாலையில், பீளமேட்டை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி உண்டு. மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இப்போது கணபதியில் வாடகைக்கு இருக்கிறோம். ஊரில் தனியாக இருக்கும் மாமனாரையும் மாமியாரையும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்களோடு அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

பத்திரச் செலவு உட்பட எழுபது லட்சத்துக்கு மேல் எங்களால் போக இயலாது. அந்த அளவுக்குள் மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது, சத்தி (சத்தியமங்கலம்) சாலையில் கோவில்பாளையத்தை அடுத்து, டிடிசிபி எனப்படும் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்ற மனைப்பிரிவில் நாலரை சென்ட்டில் புதிதாகக் கட்டிய தனி வீடு. 62 லட்சம் சொல்கிறார்கள். இரண்டாவது, வடவள்ளியைத் தாண்டித் தொண்டாமுத்தூர் சாலையிலிருந்து சற்று உள்ளே ஆறு சென்ட் இடமும் அதில் ஒரு பழைய ஓட்டு வீடும், 58 லட்சம். வாசலில் நின்றால் மலை முழுவதும் தெரிகிறது. கணவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மூன்றாவது, சிங்காநல்லூரில் பத்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு, 65 லட்சம்.

மூன்றையும் காட்டிய தரகர் மூன்றையுமே ‘நல்லா டெவலப் ஆகிற ஏரியா’ என்று ஒரே வாசகத்தால் முடித்துவிட்டார். வீட்டின் தரம், வாஸ்து, வங்கிக் கடன் ஆகியவற்றைப் பற்றி எங்களுக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இடத்தைப் பற்றி மட்டும், அதாவது எதை விசாரித்து எதை முதன்மையாக வைத்து முடிவு செய்வது என்பதைப் பற்றி, இந்தப் பகுதிகளில் குடியிருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: நொய்யல் கரை

அம்மணி, நான் குடிநீர்ப் பணிகளில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே என் பதில் தண்ணீரில்தான் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை மாநகராட்சி 2011இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி போன்ற பேரூராட்சிகளும் அப்போதுதான் உள்ளே வந்தன. பரப்பளவு ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. குழாய்களும் மேல்நிலைத் தொட்டிகளும் அதே வேகத்தில் பெருக முடியவில்லை. மேற்குப் பக்கத்துக்குச் சிறுவாணி, மற்ற பகுதிகளுக்குப் பெரும்பாலும் பவானி ஆற்றின் பில்லூர்த் திட்டங்கள் என்று ஊர் பிரிந்திருக்கிறது. பில்லூர் மூன்றாம் திட்டம் 2024இல் வந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது என்றாலும், அது தெருவுக்குத் தெரு வேறுபடும். நீங்கள் பார்க்கும் கோவில்பாளையம் மாநகராட்சியிலேயே இல்லை. அது சர்க்கார் சாமக்குளம் பேரூராட்சியைச் சேர்ந்தது. மாநகராட்சி பற்றிய செய்திகளை வைத்து அந்த வீட்டை மதிப்பிட வேண்டாம்.

‘தண்ணீர் வருமா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘வரும்’ என்றுதான் சொல்வார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணி நேரம் வருகிறது, சித்திரை மாதத்தில் அந்த இடைவெளி எவ்வளவாகிறது என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டாம். அதே தெருவில் நான்காவது வீட்டுப் பெண்மணியிடமோ முனையில் துணி தேய்ப்பவரிடமோ கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் தெருவைப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு வாசலிலும் நீல டிரம் வரிசையாக நின்றால், சுவர்களில் தண்ணீர் லாரிக்காரரின் கைப்பேசி எண் பெயின்ட்டில் எழுதியிருந்தால், புதிதாகக் கட்டும் வீடுகளில் நிலத்தடித் தொட்டியைப் பெரிதாகத் தோண்டிக்கொண்டிருந்தால், அந்தத் தெரு உங்களுக்கு விடை சொல்லிவிட்டது.

அடுத்தது உப்புத் தண்ணீர். ஆழ்குழாய் எட்டு நூறு அடியா ஆயிரம் அடியா என்று கேட்டு மலைத்துப் போவதைவிட, ஒரு குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துவந்து கரைந்த உப்பின் அளவைப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியே இல்லாதபோது 2000 வரை அனுமதிக்கிறது. அதையும் தாண்டினால் குளிக்கவும் துவைக்கவும்கூடச் சங்கடம். ஹீட்டரும் குழாய்களும் வெள்ளை படிந்து அடைத்துக்கொள்ளும்.

சத்தி சாலைத் தரகர்கள் இப்போது ‘அத்திக்கடவு தண்ணீர் வந்துவிட்டது’ என்று சொல்லி விற்கிறார்கள். அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிவைக்கப்பட்டது உண்மை. ஆனால் அது கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1045 குளம் குட்டைகளை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்துவதற்கான திட்டம். உங்கள் சமையலறைக் குழாய்க்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அருகில் நிரம்பிய குளம் இருந்தால் ஆழ்குழாய்க்கு நல்லது, அவ்வளவுதான்.

கோவில்பாளையத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கௌசிகா நதி அந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்டு முள்ளும் புதருமாகக் கிடப்பதால், புதிதாக வருபவருக்கு அது ஆறு என்றே தெரியாது. அதில் வந்து சேரும் பள்ளங்கள் பலவற்றை மண் போட்டுச் சமன் செய்து மனையாக்கியிருக்கிறார்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வாங்குவதற்கு முன் அந்த மாதங்களில் ஒரு பெருமழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வீட்டின் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம், மதில் சுவரில் நீர்க்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெரியும். புது வெள்ளையடிப்பு சுவரின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தால் காரணம் கேளுங்கள்.

சிங்காநல்லூர்ப் பக்கம் பெரும்பாலும் கரிசல் மண். அடுக்குமாடியில் தூண், அடித்தளம் முறையாகப் போட்டிருப்பார்கள் என்றாலும், தரைத்தளத்திலும் சுற்றுச்சுவரிலும் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பதில் 2: காளப்பட்டி வாசி

வணக்கம் சகோதரி. ஐயா சொன்ன தண்ணீர்க் கணக்கை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வாங்காத கோடையே இல்லை. ஆயினும் உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் இரவுப் பணியைத்தான் வைப்பேன். தண்ணீரைப் பணம் கொடுத்து லாரியில் வரவழைக்க முடிகிறது; இரவு பத்தரை மணிக்குப் பேருந்தை வரவழைக்க முடியாது.

உங்கள் கேள்வியில் முதல் இரண்டு இடங்களும் உங்கள் கணவரின் அலுவலகத்தையோ ரசனையையோ மையமாக வைத்துப் பார்க்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. தவறாக எண்ண வேண்டாம். கோவில்பாளையத்திலிருந்து சரவணம்பட்டி ஒரே நேர்ச்சாலை, ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். கோபிக்குப் போகவும் அதே சாலைதான் என்பதால் ஊர்ப்பயணமும் எளிது. உங்களுக்கோ, சரவணம்பட்டி வரை அந்தப் பத்தையும் கடந்து, அங்கே பிரிந்து காளப்பட்டி வழியாக அவிநாசி சாலைக்கு வர வேண்டும். காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் சரவணம்பட்டிச் சந்திப்பில் ஒருமுறை நின்று பாருங்கள். பிறகு அதே வழியில், இரவுப் பணி முடிந்த களைப்போடு காலையில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வருவதையும் எண்ணிப் பாருங்கள். கூகுள் வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்துவிட்டு ‘நாற்பது நிமிடம்தான்’ என்று சொல்லும் உறவினர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை கட்டிய ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் மேம்பாலம், நகரை ஊடறுத்துப் போகிறவர்களுக்குப் பெரிய விடுதலை. நடுவில் இறங்க வேண்டியவர்களுக்கு, இறங்குதளம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பயன். மெட்ரோ வரப்போகிறது என்று யாராவது சொன்னால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஓடும் வண்டிக்கு மட்டும் விலை கொடுங்கள்.

சிங்காநல்லூரிலிருந்து காமராஜர் சாலை வழியாக ஹோப் காலேஜ் வந்துவிட்டால் உங்கள் மருத்துவமனை அருகில். இரவிலும் ஆள் நடமாட்டம் உள்ள வழி. மாமனாருக்கு நெஞ்சு வலி என்றால், இதய சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் அங்கேதான் மிகக் குறைவு. கணவருக்குத்தான் தூரம். ஆனால் பெரியவர்கள் ஏறி இறங்க மின்தூக்கி இருக்கிறதா, மின்சாரம் போனால் அது ஓட ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊரில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பழகிய பெரியவர்களை அடுக்குமாடியில் வைப்பது பற்றி அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நான் நான்காவதாக ஒன்றைச் சொல்கிறேன். காளப்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் பாருங்கள். இரண்டு பேருடைய வேலைக்கும் நடுவில் வரும். உங்கள் தொகைக்கு நாலரை சென்ட் கிடைக்காது. இரண்டு, இரண்டரை சென்ட்டில் ஒட்டிக் கட்டிய வீடுதான் கிடைக்கும்.

பதில் 3: புலப்படம்

நான் உரிமம் பெற்ற நில அளவையர். பலரும் வாஸ்து பார்ப்பவரை முதலிலும், வங்கி வழக்கறிஞரை இரண்டாவதாகவும், எங்களைப் பத்திரம் முடிந்த பிறகும் அழைக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றினால் போதும் என்பதே என் ஆதங்கம்.

தொண்டாமுத்தூர் சாலை இடத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில்தான் கேள்விகள் அதிகம். கோவையின் மேற்கு எல்லையில் மலையை ஒட்டிய பல கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், பேச்சுவழக்கில் ‘ஹாகா’வின், வரம்புக்குள் வருகின்றன. அங்கே மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் வழக்கமான அனுமதியோடு அந்தக் குழுமத்தின் இசைவும் தேவை. பழைய ஓட்டு வீடு ஏற்கெனவே இருக்கிறது என்பதால் அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட அனுமதி தானாக வந்துவிடாது. ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது’ என்று சொன்னால், அது மனைப்பிரிவு அனுமதி ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததையும், அதன் பின்னர் 2016 அக்டோபர் 20ஆம் தேதி வரை பதிவான மனைகளுக்கு வரன்முறைத் திட்டம், அதாவது அவற்றை அங்கீகரிக்கும் திட்டம், வந்ததையும் பலர் அறிவார்கள். உங்கள் இடம் வரன்முறை செய்யப்பட்டதா, செய்திருந்தால் ஆணையின் நகல் எங்கே என்று கேளுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கிறோம்’ என்பது ஆணை ஆகாது.

யானையைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர், நரசிபுரம் அடிவாரப் பகுதிகளில் யானைகள் இரவில் ஊருக்குள் வருவது செய்தியல்ல, வழக்கம். வாழையும் பலாவும் மட்டுமல்ல, வீட்டுக்குள் இருக்கும் அரிசி, புண்ணாக்கு வாசனைக்கும் கதவை உடைக்கின்றன. மலை அழகாகத் தெரியும் வாசல் என்றால் மலையிலிருந்தும் அந்த வாசல் தெரியும். பின்னிரவில் தனியாக வண்டியில் வந்து சேர வேண்டிய ஒருவருக்கு அந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் சோளமோ வாழையோ போடுவதை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் மீதியை அவர்களே சொல்வார்கள்.

கோவில்பாளையம் மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறது என்கிறீர்கள். நல்லது. அனுமதி எண்ணை வாங்கி, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தை முழுத் தாளாகப் பாருங்கள். தரகர் கைப்பேசியில் காட்டும் வண்ணப் படம் வேண்டாம். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு இடத்தைப் பொது ஒதுக்கீடாகத் தானம் கொடுக்க வேண்டும். நம் ஊரில் ‘ரிசர்வ் சைட்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை யார் வளைத்தார்கள் என்ற வழக்குகளும் எல்லோருக்கும் தெரியும். பூங்கா என்று வரைந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று நேரில் பாருங்கள். உங்கள் மனையே அதன் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

பிறகு புல எண்ணை, அதாவது சர்வே எண்ணை, வைத்து வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டையும் எடுங்கள், நில எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுங்கள். பக்கத்துப் புல எண்கள் மூன்று நான்குக்கும் எடுத்துப் பார்ப்பது என் வழக்கம், ஏனெனில் பள்ளம் உங்கள் எண்ணில் இல்லாமல் பக்கத்து எண்ணில் ‘ஓடைப் புறம்போக்கு’ என்று இருக்கும். தாளில் இருபதடி அகலமாகத் தெரியும் ஓடை தரையில் சாலையாகவோ மதிலாகவோ மாறியிருந்தால், ஒரு நாள் நீர் வந்து தன் வழியைக் கேட்கும், அல்லது நோட்டீஸ் வந்து கேட்கும். கட்டடத்துக்குத் தனி அனுமதி இருக்கிறதா, அனுமதித்தபடியே கட்டியிருக்கிறார்களா என்பதும் வேறு கேள்வி. மனைக்கு அனுமதி இருந்தாலே வீட்டுக்கும் இருக்கிறது என்று பொருளில்லை.

பணக் கணக்கில் ஒரு வரி. பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு. சிங்காநல்லூர் வீட்டுக்கு 65 லட்சத்துக்கே பத்திரம் எழுதினால் 5.85 லட்சம் அதற்கே போய்விடும்; உங்கள் எழுபது லட்சத்தை அது தாண்டுகிறது. விலையைக் குறைத்துப் பேச அதுவே காரணமாக இருக்கட்டும். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் தராது; பத்திரச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்காது.

பதில் 4: வாடகைதாரர்

எல்லோரும் வாங்குவதைப் பற்றியே எழுதுகிறார்கள். கணபதி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவில்பாளையத்திலோ சிங்காநல்லூரிலோ பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியேறிப் பார்க்கலாமே? ஒரு கோடையும் ஒரு ஐப்பசியும் அதில் வந்துவிடும். மென்பொருள் நிறுவனங்கள் கட்டடம் மாற்றுவது அரிதல்ல. இன்று சரவணம்பட்டி, நாளை வேறு பக்கம். விலை ஏறிவிடும் என்பார்கள். ஏறட்டும், தவறான தெருவில் இருபது ஆண்டு தவணை கட்டுவதைவிட அது மலிவு.

பச்சைமலை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தொண்டாமுத்தூர் சாலை இடத்தை விட்டுவிட்டோம். வரன்முறை ஆணையைக் கேட்டதற்கு விற்பவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. கணவருக்கு வருத்தம்தான், ஆனால் அங்கே மாலையில் கடை வைத்திருப்பவர் ‘ஏழு மணிக்கு மேல் குழந்தையை வெளியே விடாதீங்க’ என்று சொன்னதைக் கேட்ட பிறகு அவரே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

கோவில்பாளையத்தில் எங்கள் மனையைத் தாண்டி இரண்டாவது புல எண்ணில் ஓடை என்று இருக்கிறது. தரையில் அந்த இடத்தில் புல் முளைத்த ஒரு தாழ்வான பாதை மட்டும் தெரிகிறது. ஆழ்குழாய்த் தண்ணீரில் மீட்டர் 1400க்கு மேல் காட்டியது. நல்ல தண்ணீர் எப்போது வரும் என்பதற்குத் தெருவில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். வாடகைக்குப் போவது மகனின் பள்ளி காரணமாக இந்தக் கல்வியாண்டில் இயலாது.

ஐயா, அந்த ஓடை இரண்டு புல எண் தள்ளி இருப்பது பயப்பட வேண்டிய செய்தியா? அக்கா, விளாங்குறிச்சிப் பக்கம் இரண்டரை சென்ட் வீட்டில் பெரியவர்களுக்குக் கீழே ஒரு அறை அமையுமா?

காளப்பட்டி வாசி

அமையும். கீழே ஒரு அறை, குளியலறை, சமையலறை, கூடம். மேலே இரண்டு அறைகள் என்றுதான் இங்கே பெரும்பாலும் கட்டுகிறார்கள். கீழ் அறையின் குளியலறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, கட்டும்போதே சொன்னால் மாற்றித் தருவார்கள். விமானம் இறங்கும் பாதைக்கு அடியில் வரும் தெருக்களும் இங்கே உண்டு. இரவுப் பணி முடிந்து பகலில் உறங்க வேண்டியவர் நீங்கள் என்பதால், வீட்டைப் பார்க்கப் போகும்போது உள்ளே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

நொய்யல் கரை

இரண்டு புல எண் தள்ளி ஓடை இருப்பதே கெடுதல் அல்ல. உங்கள் வீடு அதைவிட எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்பதும், கீழ்ப்புறம் அந்த ஓடை திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்பதும்தான் கேள்வி. கீழ்ப்புறம் யாராவது மதில் கட்டி அடைத்திருந்தால் நீர் தேங்கிப் பின்னோக்கி உங்கள் தெருவுக்குத்தான் வரும். ஓடை கௌசிகாவைச் சேரும் இடம் வரை நடந்து பார்த்துவிடுங்கள். 1400 என்பது புழங்கப் போதும், குடிக்க வேண்டாம். ஆகவே நல்ல தண்ணீர் வரும் நாளைப் பேரூராட்சி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புலப்படம்

நடந்து பார்க்கும்போது புலப்பட அச்சையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். எல்லைக் கல் எங்கெங்கே மிஞ்சியிருக்கிறது என்று குறித்து வாருங்கள். புல எண்ணையும் உட்பிரிவையும் இங்கே பொதுவில் எழுத வேண்டாம். தனிச்செய்தியில் அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.